நோயோடு வாழ்பவர் வைத்தியராகலாமா? மாத்தளையிலிருந்து ஒரு மீள்பார்வை

மாத்தளை மாவட்டத்தில் உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கும் மூன்று மாணவரை எண்ணிக்கொள்வோம். ஒருத்திக்கு முதலாம் வகை நீரிழிவு. நாள் தவறாமல் இன்சுலின் ஏற்ற வேண்டும். மற்றவருக்குத் தலசீமியா, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றாவிட்டால் உடல் தளர்ந்துவிடும். மூன்றாமவருக்கு வலிப்பு, மாத்திரையின் துணையால் நெடுநாளாக வராமலிருக்கிறது. மூவருக்கும் நல்ல புள்ளிகள் கிடைக்கின்றன. மூவரும் வைத்தியராக விரும்புகிறார்கள். வீட்டிலும் பாடசாலையிலும் அவர்கள் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்த வருத்தத்தோடு டொக்டர் படிப்பா?

அக்கறையோடு கேட்கப்படும் கேள்வி அது. ஆனால் அதற்குள் வெவ்வேறு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. படிப்பின் சுமையை உடல் தாங்குமா என்பது ஒன்று. நோயாளிக்கு ஆபத்து நேருமா என்பது வேறொன்று. நிறுவனம் இடம் தருமா, தர மறுக்க அதற்கு உரிமை உண்டா என்பன இன்னும் வேறானவை. ஒன்றுக்கான விடையை மற்றொன்றின்மேல் ஏற்றிச் சொல்வதாலேயே இந்த விவாதம் நீண்டகாலம் தெளிவின்றிக் கிடக்கிறது. இக்கட்டுரை முக்கியமான நிலைப்பாடுகளை அவை பிறந்த இடத்தோடு சேர்த்துப் பார்த்து, ஒவ்வொன்றும் எங்கே தளர்கிறது என்று ஆராய்கிறது. பிறகு மாத்தளை போன்ற ஒரு மாவட்டத்தில் அவற்றுக்கு என்ன பொருள் என்பதற்கு வருகிறது.

பழைய விடைகள்

கிரேக்க மருத்துவத்தின் ஹிப்போகிரட்டீஸ் தொகுதியில் மருத்துவரைப் பற்றிய ஒரு சிறு நூல் உண்டு. மருத்துவர் நல்ல நிறத்தோடும் இயல்பான உடல்வாகோடும் காணப்பட வேண்டும் என்று அது தொடங்குகிறது. தன் உடலைப் பேணத் தெரியாதவர் பிறர் உடலை எப்படிப் பேணுவார் என்று மக்கள் எண்ணுவார்கள் என்பதே அந்நூல் தரும் காரணம். அதாவது, நோயுள்ள மருத்துவரின் கைத்திறன் குறைவு என்று அது வாதிடவில்லை. மக்களின் நம்பிக்கை குறையும் என்கிறது. இன்றைய விவாதத்திலும் 'பாதுகாப்பு' என்ற பெயரில் முன்வைக்கப்படும் சில தடைகள், நுணுகிப் பார்த்தால், இந்த நம்பிக்கைக் காரணத்தையே மடியில் வைத்திருக்கின்றன.

ஏறக்குறைய அதே காலச் சூழலில் பிளேட்டோ 'குடியரசு' நூலின் மூன்றாம் புத்தகத்தில் இதற்கு நேரெதிரான கருத்தைச் சொன்னார். சிறுவயது முதல் கலையைக் கற்று, மிகப் பல நோயுடல்களோடு பழகி, தாமும் பலவகை நோய்களை அனுபவித்தவரே மிகச் சிறந்த மருத்துவராக இருக்க முடியும் என்பது அவர் வாதம். மருத்துவர் உடலைக் கொண்டு உடலைக் குணப்படுத்துவதில்லை, மனத்தைக் கொண்டே குணப்படுத்துகிறார் என்பது அதன் அடிப்படை. இக்கருத்துக்கும் ஒரு குறை உண்டு. மனம் களைப்பதும் கைகள் நடுங்குவதும் உடலால்தான் என்பதை அது கடந்துவிடுகிறது.

தமிழ் மரபு இக்கேள்வியை நேராக எழுப்பியதாகத் தெரியவில்லை. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிசெய்பவர் என மருத்துவத்தை நான்காக வகுக்கிறது. அதற்கு உரை வகுத்த பரிமேலழகர் தீர்ப்பவருக்கு வேண்டிய இயல்புகளாக நோய்க்கு அஞ்சாத துணிவையும், முறையாகக் கற்ற கல்வியையும், பலகாலப் பயிற்சியையும், தூய்மையையும் எண்ணுகிறார். நோயற்ற உடல் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. இதிலிருந்து பெரிய முடிவு எதையும் எடுக்க இயலாது. ஆயினும், வைத்தியர் என்றால் குறையற்ற உடல் வேண்டும் என்பது நம் மரபின் தீர்ப்பு என்று எவராவது சொன்னால் அதற்கு ஆதாரம் கேட்க இடமிருக்கிறது.

பாதுகாப்பு வாதம்

நவீன காலத்தில் தடையை ஆதரிக்கும் வலுவான நிலைப்பாடு நோயாளியின் பாதுகாப்பைச் சார்ந்தது. இதன் எழுத்து வடிவம் அமெரிக்காவில் 1979இல் உருவானது. அந்த ஆண்டில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் அமைத்த குழுவொன்று, மாணவருக்கு வேண்டிய தகைமைகளை அவதானித்தல், தொடர்பாடல், உடலியக்கம், அறிவாற்றல், நடத்தையும் சமூகப் பண்பும் என ஐந்து துறைகளாக வகுத்தது. அதே ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கேட்டல் குறைபாடுள்ள ஒருவரைத் தாதியர் பயிற்சிக்குச் சேர்க்க மறுத்த கல்லூரியின் முடிவைச் சரியெனக் கண்டது. எந்தத் துறைக்கும் போகக்கூடிய 'முழுமையான' வைத்தியரையே கல்லூரி உருவாக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த இரண்டுக்கும் பின்னால் நின்றது.

அந்த எண்ணத்தின் குறை வெளிப்படையானது. பட்டம் பெற்ற எவரும் எல்லாத் துறையையும் செய்வதில்லை. மனநல வைத்தியர் எலும்பு பொருத்தும் அறுவைச் சிகிச்சை செய்வதில்லை. நோயியல் வைத்தியர் பிரசவம் பார்ப்பதில்லை. ஐம்பது வயதில் இருதயக் குழாய்க்கு ஸ்டென்ட் பொருத்திக்கொண்ட விசேட நிபுணரோ, இருபது ஆண்டுகளாகச் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கும் வைத்தியரோ நம் வைத்தியசாலைகளில் அரிதல்ல. அவர்களுடைய தகுதியை எவரும் கேள்விக்குட்படுத்துவதில்லை, படுத்தவும் தேவையில்லை. அதே நோய் பத்தொன்பது வயதில் வந்தவருக்கு மட்டும் ஏன் அது வாசலிலேயே தடையாக வேண்டும் என்பதற்குப் பாதுகாப்பு வாதத்தில் நேர்மையான விடை இல்லை.

எனினும் இந்த வாதத்தில் உதறித்தள்ள முடியாத ஒரு சாரம் இருக்கிறது. அறுவைக் கத்தியோடு நிற்கும்போது வலிப்பு வந்தால், இரவுக் கடமையில் இரத்தச் சீனி சட்டென இறங்கினால், துன்பப்படுபவர் இன்னொரு மனிதர். அந்த மனிதருக்கு மறுப்புச் சொல்லும் வாய்ப்பே கிடைத்திருக்காது. ஆகவே எந்த நோய் என்று கேட்பதோடு நிற்காமல், எந்த வேலையில், எவ்வளவு நிகழ்தகவோடு, எந்த முன்னேற்பாட்டோடு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

தொற்றுநோய்கள் தொடர்பான வரலாறு இந்த மாற்றத்துக்கு நல்ல சாட்சி. புளோரிடாவில் எச்.ஐ.வி. தொற்றிருந்த பல் வைத்தியர் ஒருவரிடம் சிகிச்சை பெற்ற ஆறு பேருக்குத் தொற்றியது என்று 1990களின் தொடக்கத்தில் தெரியவந்தபோது அச்சம் உலகெங்கும் பரவியது. பல நாடுகள் கடுமையான தடைகளை விதித்தன. அதன்பின் வந்த ஆண்டுகளில் தொற்றிய வைத்தியரிடமிருந்து நோயாளிக்கு எச்.ஐ.வி. பரவியதாக உறுதியான சம்பவங்கள் உலகளவில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தன. சிகிச்சையும் முன்னேறியது. 2013இல் பிரித்தானியா தன் தடையை நீக்குவதாக அறிவித்தது: மருந்தெடுத்து, இரத்தத்தில் வைரசின் அளவு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருப்பதை மூன்று மாதத்துக்கொருமுறை உறுதிசெய்பவர்கள் அறுவைச் சிகிச்சையும் செய்யலாம் என்றானது. ஈரலழற்சி 'பி' குறித்து அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் வெளியிட்ட பரிந்துரையும் அதே திசையில் சென்றது. தொற்று இருக்கிறது என்பது மட்டுமே மருத்துவம் படிக்கவோ தொழில் செய்யவோ தடையாகக் கூடாது என்று அது தெளிவாகக் கூறியது. அங்கும் எல்லை வகுக்கப்பட்டது. ஆனால் அந்த எல்லை நோயின் பெயரைக் கொண்டு வகுக்கப்படாமல், அளக்கக்கூடிய ஒன்றைக் கொண்டு வகுக்கப்பட்டது. பாதுகாப்பு வாதம் தன்னைத் திருத்திக்கொண்ட மிகச் சிறந்த இடம் இதுவே என்று கருதலாம்.

உரிமை வாதம்

மறுபுறத்தில், இது கருணையின் விடயமல்ல, உரிமையின் விடயம் என்ற நிலைப்பாடு கடந்த அரை நூற்றாண்டில் வலுப்பெற்றது. இதில் நமக்கு மிக அருகிலிருக்கும் அனுபவம் இந்தியாவினுடையது. அங்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை உடல், மன நிலைகளை அங்கீகரித்து, உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீட்டை வழங்கியது. தலசீமியாவும் ஹீமோபீலியாவும் அரிவாளணு நோயும் அந்த 21இல் அடங்கும். நோய் வேறு, அங்கவீனம் வேறு என்ற பழைய பிரிவினையை அச்சட்டம் இந்த இடத்தில் கடந்துவிட்டது.

நடைமுறை அவ்வளவு எளிதாக அமையவில்லை. ஒதுக்கீடு பெற 40 சதவீதக் குறைபாடு வேண்டும். உடலியக்கக் குறைபாடு 80 சதவீதத்தைத் தாண்டினாலோ மருத்துவப் படிப்புக்குத் தகுதி பெறுவது அரிதாயிற்று. இருக்கிறது என்று நிறுவவும் வேண்டும், அதிகமில்லை என்று நிறுவவும் வேண்டும் என்ற இந்த இரட்டைச் சுமை பல மாணவரை நீதிமன்றப் படியேற்றியது. நீதிமன்றமும் ஒரே குரலில் பேசவில்லை. 2019இல் ஒரு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் வைத்திய சபையின் மறுப்பை ஏற்றுக்கொண்டது. 2021 பெப்ரவரியில் எழுத்தர் உதவி கேட்ட ஒரு வழக்கில், நியாயமான இசைவாக்கம், அதாவது ஒருவரின் நிலைக்கேற்ப நடைமுறையை மாற்றித் தருவது, சமத்துவத்தின் ஒரு பகுதி என்று விரிவாகத் தீர்ப்பளித்தது. 2024 ஒக்டோபரில் பத்து நாள் இடைவெளியில் வந்த இரு தீர்ப்புகள் திருப்புமுனையாயின: சதவீதம் மட்டும் எவரையும் தடுக்க முடியாது, அந்த மாணவரால் என்ன செய்ய முடியும் என்பதை மதிப்பிட வேண்டும், மறுத்தால் காரணம் எழுத வேண்டும் என்று அவை கூறின. 2025 பெப்ரவரியில், இரு கைகளும் குறையின்றி இருக்க வேண்டும் என்ற விதியை அதே நீதிமன்றம் கடுமையாக விமர்சித்து ஒதுக்கியது. இந்த மாற்றத்தில், டெல்லியில் உடலியங்கியல் பேராசிரியராக இருப்பவரும் இளம்பிள்ளைவாதத்தின் தாக்கத்தோடு வாழ்பவருமான சதேந்திர சிங் போன்ற வைத்தியர்களின் நீண்டகால உழைப்புக்குப் பங்குண்டு.

இலங்கையின் சட்டநிலை வேறு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க அங்கவீனமுற்றோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அங்கவீனம் காரணமாக வேலைவாய்ப்பிலோ கல்வி நிறுவன அனுமதியிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. படித்தவுடன் நம்பிக்கை தரும் வாசகம் அது. ஆனால் அதே சட்டம் தரும் வரைவிலக்கணத்துக்கு வரும்போது நம்பிக்கை சுருங்குகிறது. உடல் அல்லது மன ஆற்றலின் குறைபாட்டால் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்றிக்கொள்ள இயலாதவரையே அது அங்கவீனமுற்றவராகக் கொள்கிறது. இன்சுலின் ஏற்றிக்கொண்டு தன் வேலையைத் தானே பார்த்து, பரீட்சையில் சிறந்த புள்ளி எடுக்கும் மாணவி இந்த வரைவிலக்கணத்துக்குள் வருவாரா? வரமாட்டார் என்றே தோன்றுகிறது. நோயை நன்றாகக் கையாளும் ஒருவர் அந்தத் திறமையாலேயே சட்டத்தின் பாதுகாப்பை இழக்கும் நிலை இது.

அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தை உறுதிசெய்கிறது. அங்கவீனர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யவும் இடமளிக்கிறது. அரச வேலைவாய்ப்பில் 3 சதவீதத்தை ஒதுக்கும் 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும் உண்டு. 2016இல் இலங்கை ஐ.நா.வின் அங்கவீனர் உரிமைச் சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது. நீண்டகால நோயுடன் வாழ்வோரையும் அணைத்துக்கொள்ளும் பரந்த பார்வை அந்தச் சமவாயத்தில் இருக்கிறது. அதை நாட்டுச் சட்டமாக்கும் முயற்சியோ பல ஆண்டுகள் வரைவு நிலையிலேயே இழுபட்டு வந்திருக்கிறது.

உரிமை வாதத்தின் பொதுவான குறையும் இங்கேயே தெரிகிறது. அது வாசலில் மறுக்கப்பட்டவருக்கு ஆயுதம் தருகிறது. வாசலுக்கு வராமலே திரும்பியவருக்கு அது எதுவும் செய்ய முடிவதில்லை.

பட்டறிவே தகைமை என்ற வாதம்

மூன்றாவது நிலைப்பாடு பிளேட்டோவின் வாரிசு: நோயோடு வாழ்வது வைத்தியருக்குக் குறையல்ல, கூடுதல் தகைமை என்பது. இதற்கு வரலாறு தரும் எடுத்துக்காட்டுகள் மனத்தை ஈர்ப்பவை. அமெரிக்க வைத்தியர் ஜோர்ஜ் மைனொட்டுக்கு 1921இல் நீரிழிவு கண்டறியப்பட்டது. அன்று அது ஏறக்குறைய மரணச் செய்தி. 1922இல் இன்சுலின் பயன்பாட்டுக்கு வந்தது, அவர் பிழைத்தார். ஆபத்தான ஒருவகை இரத்தசோகைக்கு ஈரலை உணவாகக் கொடுத்துச் சிகிச்சை கண்டமைக்காக 1934இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இலண்டனில் ஆர்.டி. லோரன்ஸ் அறுவைச் சிகிச்சைப் பயிற்சியின் நடுவே நீரிழிவுக்கு ஆளானவர். இன்சுலினால் மீண்டு, நீரிழிவுச் சிகிச்சையையே தன் துறையாக்கி, 1934இல் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸோடு சேர்ந்து நீரிழிவு நோயாளிகளுக்கான சங்கத்தை நிறுவினார். நோயாளி தன் நோயைத் தானே கற்றுக் கையாள வேண்டும் என்ற இன்றைய கிளினிக் நடைமுறைக்கு அவர் போன்றவர்களின் சொந்த வாழ்க்கையே வித்திட்டது எனலாம்.

தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு இதைவிட நம் நெஞ்சுக்கு அருகில் இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் வைத்தியராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தொன்றில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். அக்கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்துவந்த போல் பிராண்ட் அவரை மீண்டும் வேலைக்கு அழைத்தார். கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். சக்கர நாற்காலியிலிருந்து மேரி வர்கீஸ் அதைச் செய்தார். பிறகு நியூயோர்க் சென்று புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி அத்துறையை வேலூரில் கட்டியெழுப்பினார். 1966இல் அங்கு தொடங்கிய புனர்வாழ்வு நிலையம் இந்தியாவில் உள்ளகச் சிகிச்சையோடு அமைந்த முன்னோடி நிலையம். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்த வரலாற்றில் உற்று நோக்க வேண்டியது மேரி வர்கீஸின் மன உறுதி மட்டுமன்று. அவர் ஏற்கெனவே அந்த நிறுவனத்தின் வைத்தியர். அவரை அறிந்த ஆசிரியர் இருந்தார். உட்கார்ந்து செய்யக்கூடிய அறுவைச் சிகிச்சை அதே வளாகத்தில் நடந்துகொண்டிருந்தது. இந்த மூன்றில் ஒன்று இல்லாதிருந்தாலும் அந்த வாழ்க்கை வேறு திசையில் போயிருக்கக்கூடும். மும்பையின் சுரேஷ் அத்வானியோ மாணவராக வாசலில் நின்றவர். சிறுவயதில் இளம்பிள்ளைவாதத்தால் சக்கர நாற்காலிக்கு வந்த அவருக்கு மருத்துவக் கல்லூரி முதலில் இடம் மறுத்தது. போராடிச் சேர்ந்த அவர் பின்னாளில் இந்தியாவில் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையின் முன்னோடியானார். ஹார்வர்டில் படிப்பின் தொடக்கத்திலேயே நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோய் கண்டறியப்பட்ட லிசா ஐசோனியின் அனுபவம் மாறானது: 1984இல் பட்டம் பெற்றும் ஆதரவின்மையால் நோயாளிகளைப் பார்க்கும் வைத்தியராகும் பாதையைத் தொடர முடியாமல் ஆராய்ச்சிக்குத் திரும்பினார். அவர் தலைமையில் 2021இல் வெளியான ஆய்வு, அமெரிக்க வைத்தியரில் 82 சதவீதத்தினர் கடுமையான அங்கவீனமுள்ளோரின் வாழ்க்கைத்தரம் பிறரைவிடத் தாழ்ந்தது என்று கருதுவதைக் காட்டியது. தொழிலுக்குள் இப்படியொரு பார்வை நிலவும்போது, அதே தொழிலின் வாசலைக் காப்பவர்களின் தீர்ப்பை முழுக்க நடுநிலையானது என்று கொள்வது கடினம்.

பட்டறிவு வாதத்திலும் தளர்வுகள் உண்டு. நோயுற்ற வைத்தியர் கூடுதல் பரிவுடையவர் என்பதற்குச் சான்றுகள் பெரும்பாலும் தன்வரலாறுகளும் நேர்காணல்களுமே; சிகிச்சையின் விளைவுகளை அளந்து ஒப்பிட்ட வலுவான ஆய்வுகள் குறைவு. தன் அனுபவத்தை எல்லா நோயாளர்மீதும் ஏற்றிப் பார்க்கும் ஆபத்தும் இல்லாமலில்லை. அதைவிடக் கவலை தருவது, சாதனையாளரின் கதை சாதாரண மாணவருக்கு அளவுகோலாகிவிடுவது. நோயற்றவர் சராசரி வைத்தியராக இருந்தால் போதும். நோயுள்ளவரோ மேரி வர்கீஸாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நீதியானதல்ல.

வேலையின் அமைப்பு

தகுதி என்பதை உடலில் மட்டும் தேடாமல் வேலையின் அமைப்பிலும் தேடும் நிலைப்பாடு ஒப்பீட்டளவில் புதியது. நியூயோர்க்கில் 1984இல் ஓர் இளம்பெண்ணின் மரணம், ஓய்வின்றி வேலை செய்யும் பயிற்சி வைத்தியர்களைப் பற்றிய விசாரணையைத் தூண்டியது. 2003இல் அமெரிக்கா முழுவதும் பயிற்சி வைத்தியருக்கு வாரத்துக்கு 80 மணி நேர எல்லை வந்தது. ஐரோப்பாவில் 2009 முதல் அது 48 மணி நேரம். இந்த மாற்றங்கள் நோயாளிகளின் நலன் கருதியே வந்தன. ஆனால் அவை இன்னொன்றையும் வெளிக்காட்டின: உணவும் உறக்கமும் இல்லாமல் தொடர்ந்து நிற்பது மருத்துவ அறிவின் பகுதியல்ல, ஆள்பற்றாக்குறையின் விளைவு. நீரிழிவுள்ள உள்ளகப் பயிற்சி வைத்தியருக்கு வேளைக்கு உணவு உண்ணப் பதினைந்து நிமிடம் வேண்டும். அதைத் தர முடியாத விடுதியில் நோயற்றவரும் தவறு செய்வார்.

இவ்வாதத்தின் கடினமான பகுதி இலங்கையில் கூர்மையாக வெளிப்படுகிறது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். இரண்டு மூன்று பேர் கடமை பார்க்கும் ஒரு புற வைத்தியசாலையில் ஒருவருக்கு இரவுக் கடமையிலிருந்து விலக்கு என்றால் அந்த இரவு இன்னொருவர் தலையில் விழுகிறது. இதை மறைத்துப் பேசுவது மற்ற வைத்தியருக்கும் நீதியாகாது. இதற்கு நிறைவான விடையை எந்த நாடும் கண்டுவிட்டதாகச் சொல்ல முடியாது.

சொல்வதா, மறைப்பதா

அமெரிக்க மருத்துவ மாணவரில் 2016இல் வெளியான ஆய்வின்படி 2.7 சதவீதத்தினரும், 2019இல் வெளியானதன்படி 4.6 சதவீதத்தினரும் தம் குறைபாட்டைக் கல்லூரியிடம் தெரிவித்திருந்தனர். மூன்றே ஆண்டுகளில் நோயுள்ளோர் அந்த அளவுக்குப் பெருகியிருக்க முடியாது. சொல்லத் துணிந்தவர் தொகை கூடியது என்று கொள்வதே பொருத்தம். மனநலத்தில் இந்த மறைப்பு இன்னும் ஆழமானது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, மருத்துவ மாணவரில் ஏறக்குறைய 27 சதவீதத்தினரிடம் மனச்சோர்வு அல்லது அதன் அறிகுறிகள் இருப்பதாகக் கணித்தது.

மறைப்பவரைக் குறைசொல்வது எளிது. ஆனால் சொன்னவர் தண்டிக்கப்படும் இடத்தில் மறைப்பதே அறிவுடைமையாகிவிடுகிறது. அதனால் பாதுகாப்பு வாதம் எதைத் தடுக்க விரும்புகிறதோ அதுவே நேர்கிறது: கவனிக்கப்படாத நோயோடு ஒருவர் கடமைக்கு வருகிறார். இந்த ஒரு புள்ளியில் பாதுகாப்பு வாதமும் உரிமை வாதமும் பகைமையின்றிச் சந்திக்கின்றன. தாம் பேணும் தொழில்தரத்தைக் குறைக்காமல், அதை எட்டும் வழியை மட்டும் மாணவருக்கேற்ப மாற்றலாம் என்று பிரித்தானியப் பொது மருத்துவ மன்றம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி எடுத்த நிலைப்பாடு இதற்கு நல்ல முன்மாதிரி.

மாத்தளையில் வாசல் எங்கே இருக்கிறது

இந்த வாதங்கள் எல்லாம் மருத்துவ பீடத்தின் வாசலை மனத்தில் கொண்டு எழுந்தவை. மாத்தளையிலிருந்து பார்த்தால் அந்த வாசல் வேறு இடத்தில் இருக்கிறது என்பதே இம்மீள்பார்வையின் துணிபு.

பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீத இடங்கள் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகை அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவையாக வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. மாத்தளை அந்த 16இல் இல்லை. நுவரெலியாவும் பதுளையும் இருக்கின்றன. ஆகவே இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்ட லயத்திலோ லக்கல, வில்கமுவ போன்ற தொலைவான பிரிவிலோ படிக்கும் மாணவர், மாத்தளை நகரின் வசதியான மாணவரோடு ஒரே மாவட்ட வரிசையில் போட்டியிடுகிறார். தரப்படுத்தல் என்ற சொல் தமிழரிடையே ஏற்படுத்திய காயத்தை மறந்து இதைப் பேச முடியாது. எனினும் 1970கள் முதல் அரசு ஒன்றை ஒப்புக்கொண்டே வந்திருக்கிறது: புள்ளி மட்டும் ஆற்றலைக் காட்டிவிடாது, பிறந்த இடமும் அதைப் பாதிக்கிறது என்பது. இடத்துக்குக் கொடுத்த அந்த ஒப்புதல் உடலுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

உயர்தரத்துக்குத் தோற்றும் வாய்ப்பு மூன்று. இஸட் புள்ளியின் மிகச் சிறிய வேறுபாடு மருத்துவ பீடத்தை வேறொரு பீடமாக்கிவிடும். தலசீமியா உள்ள மாணவருக்கு இரத்தம் ஏற்றும் நாள் பாடசாலை இல்லாத நாள். தேசிய தலசீமியா நிலையம் அயல் மாவட்டமான குருநாகலில் இருக்கிறது. சிகிச்சை அங்கோ மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ அமைந்தாலும் பயணமும் காத்திருப்பும் உண்டு. இரும்புச்சத்தை அகற்றும் மருந்துகள் மேம்பட்டதால் முன்பு இளவயதிலேயே இறந்துபோன பிள்ளைகள் இன்று பல்கலைக்கழக வயதை எட்டுகிறார்கள். மருத்துவம் அவர்களுக்கு ஆயுளைத் தந்திருக்கிறது. அந்த ஆயுளில் என்ன செய்யலாம் என்ற கேள்வி கல்வித்துறையின் முன் நிற்கிறது. வில்கமுவப் பகுதியைப் பாதித்துவரும், காரணம் முழுதும் தெளிவாகாத சிறுநீரக நோய், பெற்றோரைத் தாக்கும்போதும் படிக்கும் பிள்ளையின் நேரத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறது.

தமிழ்மொழி மூலத்தில் உயிரியலும் இரசாயனமும் கற்பிக்கும் ஆசிரியர்கள் மலையகம் எங்கும் போதாது. மாவட்டத்தின் பெரிய தமிழ்மொழிப் பாடசாலைகள் மாத்தளை நகரை ஒட்டியே அமைந்துள்ளன. இவை எல்லா மாணவருக்குமான தடைகள்தான். ஆனால் நோயுள்ள மாணவருக்கு அவை கூட்டலாக அல்லாமல் பெருக்கலாக வருகின்றன: நகர விடுதியில் தங்கினால் இன்சுலினைக் குளிரில் வைக்க இடம் வேண்டும், வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்தால் மாலை வகுப்பு இல்லை. இந்தச் சூழலில் சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு, கலைப்பிரிவு எடு, உடம்புக்குச் சுகம் என்று சொல்லும் ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது. எந்தச் சபையும் கூடவில்லை, எவரும் காரணம் எழுதவில்லை, மேன்முறையீட்டுக்கும் இடமில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் கேட்ட செயலாற்றல் மதிப்பீடு இங்கே பதினாறு வயதில், மதிப்பிடத் தெரியாதவர்களின் அன்பினால், சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

முயன்றவர்கள் இல்லாமலில்லை. விபத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட மருத்துவ மாணவி ஒருவர் சக்கர நாற்காலியிலிருந்தே படிப்பை முடித்து வைத்தியரானதை இலங்கை நாளிதழ்கள் எழுதியிருக்கின்றன. அவரும் மேரி வர்கீஸைப் போல உள்ளே வந்தபின் பாதிக்கப்பட்டவர் என்பது கவனத்துக்குரியது. உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற நிறுவனங்கள் சிலவேளை முன்வருகின்றன. வெளியே நிற்பவருக்கு அதே மனம் திறப்பது அரிது.

எஞ்சியுள்ளவை

இதுவரை பார்த்தவற்றிலிருந்து சில விடயங்களை ஓரளவு உறுதியோடு கூறலாம். நோயின் பெயரை மட்டும் கொண்டு ஒருவரை விலக்குவதற்கு இன்று அறிவியல் ஆதரவு மிகக் குறைவு. நன்றாகக் கட்டுப்படுத்தப்பட்ட நீரிழிவோ வலிப்போ மருத்துவப் படிப்புக்கே தடை என்பதை ஏற்க முடியாது. சில பணிகளுக்கு, சில காலங்களில், எல்லை தேவைப்படும் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

உறுதியாகக் கூற முடியாதவையும் உள்ளன. இசைவாக்கங்களோடு பயின்ற வைத்தியரின் நோயாளிகளுக்குச் சிகிச்சை எப்படி அமைந்தது என்பதை நீண்டகாலம் தொடர்ந்து அளந்த ஆய்வுகள் போதாது. இருப்பவையும் செல்வந்த நாடுகளின் வைத்தியசாலைகளைச் சார்ந்தவை. ஆள் குறைந்த ஒரு மாவட்ட வைத்தியசாலைக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பது திறந்த கேள்வி. ஒதுக்கீடு நல்லதா, பரீட்சையிலும் பயிற்சியிலும் இசைவாக்கம் மட்டும் போதுமா என்பதிலும் உரிமை ஆர்வலரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஒதுக்கீடு சான்றிதழைக் கேட்கும். சான்றிதழ் சதவீதத்தைக் கேட்கும். இந்தியா பட்ட பாடு அங்கிருந்துதான் தொடங்கியது. உள்ளகப் பயிற்சி இடங்கள் தரவரிசைப்படி பகிரப்படும் நாட்டில், மாதந்தோறும் இரத்தம் ஏற்ற வேண்டிய ஒருவருக்குச் சிகிச்சை நிலையத்துக்கு அருகில் இடம் கொடுப்பது மற்றவரின் உரிமையைக் குறைப்பதாகுமா என்பதும் தெளிவாக விவாதிக்கப்பட வேண்டியது.

இவற்றுள் மாத்தளைக்கு மிக நெருக்கமானது வேறொன்று. சிறுவர் கிளினிக்கிலிருந்து பெரியோர் கிளினிக்குக்கு மாறும் வயதும் உயர்தரப் பாடப்பிரிவைத் தெரிவுசெய்யும் வயதும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஒட்டி வருகின்றன. அந்தக் காலத்தில் மாணவரோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து, இந்த நோயோடு இந்தப் படிப்பு எப்படிச் சாத்தியமாகும், எங்கே கடினமாகும் என்று விவரமறிந்து பேச வேண்டியவர் கிளினிக்கின் வைத்தியரா, பாடசாலையின் வழிகாட்டல் ஆசிரியரா, மருத்துவ பீடமா என்பது இன்னும் தீர்க்கப்படாமல் இருக்கிறது.